மருதையின் சார்பாக

ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதி அழகியமணவாளனுக்குச் சோறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேச ஒரு சந்தர்ப்பம் வேண்டும். அதுவும் இங்கிலீஷில். அதிலும் 'ஆன் பிஹாஃப் ஆஃப்' என்று தொடங்குகிற பேச்சாக இருந்துவிட்டால் மனுஷருக்குக் கால் தரையில் பாவாது.

திருச்சி ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஆயில் இன்ஜினும் பம்புசெட்டும் விற்ற ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அவர் ஹெட்கிளார்க். மெட்ராஸிலிருந்து பெரிய துரை வந்தால் கிளையின் சார்பாக வரவேற்கிறவர் அவர். ஒருவர் ரிட்டயர் ஆனால் ஊழியர்கள் சார்பாகப் பிரிவுபசாரம் சொல்கிறவர் அவர். போகிறவர் கூச்ச சுபாவியாக இருந்துவிட்டால் அவர் சார்பாக நன்றி சொல்கிறவரும் இவரேதான். விளையாட்டுப் போட்டியில் வராத ஆளுக்குக் கோப்பை விழுந்தால் அவன் சார்பாக மேடையேறிக் கைகுலுக்குவார். யாராவது செத்துப்போனாலும் விடமாட்டார். காவிரிக்கரையில் ஈரவேட்டியோடு நின்றுகொண்டு, துக்கப்படும் நண்பர்கள் சார்பாக நாலு வார்த்தை பேசி, அதுவரை அழாமல் இருந்தவர்களையும் அழவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"அந்த வார்த்தையோட அழகு உமக்குத் தெரியாது ஓய்" என்பார், யாராவது கிண்டல் செய்தால். "பெருமாளைத் தோள்ல ஏளப்பண்ணிண்டு போறாளே, அந்த மாதிரி. நடக்கறது நாம. புறப்பாடு அவருக்கு."

சொல்லிக்கொண்டார். ஆனால் மாலையும் கைதட்டலும் என்னவோ தூக்கினவருக்குத்தான் விழுந்துகொண்டிருந்தன. அதில் அவருக்கு மனக்குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். அந்த வீதிகளில் வைஷ்ணவ வீடுகளில் பெரியவர்கள் முன்னால் வாயைத் திறப்பதே மன்னிப்பில்தான். 'அடியேன் அபசாரத்தை க்ஷமிக்கணும்' என்றுதான் பேச்சே தொடங்கும். என்ன அபசாரம் என்று கேட்டால் ஒன்றும் இருக்காது. வந்ததற்கு ஒரு க்ஷமாபணம், உட்கார்ந்ததற்கு ஒன்று, புறப்படும்போது 'ஏதாவது தப்பு இருந்தா' என்று ஒன்று. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும், அது மரியாதை, ஒப்புதல் இல்லை என்று. மணவாளன் பால்குடி மறப்பதற்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்கக் கற்றவர். சார்பாகப் பேசுகிற ஆசையும் இந்த மன்னிப்புப் பழக்கமும் ஒன்றாகச் சேர்ந்த நாளில்தான் வந்தது வினை.

ஐம்பத்தாறாம் வருஷம், ஆடி மாதம். கம்பெனி கோடவுனில் மருதை என்று ஒரு ஆள். மணப்பாறைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். பெட்டி இறக்குவது, ஏற்றுவது, கூட்டுவது, பூட்டுவது எல்லாம் அவன் வேலை. அதிர்ந்து பேசமாட்டான். இன்ஜின் பெட்டியை ஒற்றை ஆளாக நகர்த்திவிட்டு, ஏதோ தப்பு செய்தவன் மாதிரி ஓரமாகப் போய் நிற்பான்.

ஒரு நாள் காலையில் ஸ்டோர்கீப்பர் வீரமலை கையைப் பிசைந்துகொண்டு வந்தான். பித்தளை வால்வு ஒரு பெட்டி குறைகிறது. நடுவில் சாப்பாட்டு வேளையில் சாவி யாரிடம் இருந்தது? மருதையிடம். அவ்வளவுதான், ஆபீஸ் முழுக்கத் துப்பறிய ஆரம்பித்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் மருதை காந்தி மார்க்கெட்டில் தலையில் மூட்டையோடு போனதைப் பார்த்ததாக எவனோ கொளுத்திப் போட்டான். மார்க்கெட் பக்கம்தானே பழைய பித்தளைக் கடைகள்! மூட்டையில் இருந்தது ஊருக்கு வாங்கிய வெங்காயம். அதை அவிழ்த்துப் பார்த்தவன் யார்? ஒருவனும் இல்லை.

கிளை மானேஜராக இருந்த துரை மருதையையும் மணவாளனையும் அறைக்குக் கூப்பிட்டார். மருதை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றான். துரைக்குத் தமிழ் வராது, மருதைக்கு இங்கிலீஷ் வராது, நடுவில் மணவாளன்.

"இவன் என்ன சொல்கிறான் என்று கேள்" என்றார் துரை.

மணவாளன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மேஜை, எதிரே வெள்ளைக்காரர், பக்கத்தில் வாயில்லா ஜீவன் ஒன்று. இதற்கு மேல் என்ன வேண்டும் அவருக்கு? மருதை பக்கம் திரும்பவே இல்லை. ஆன் பிஹாஃப் ஆஃப் மருதை என்று ஆரம்பித்தார். மருதையின் சார்பாகத் தாம் மனப்பூர்வமான, நிபந்தனையற்ற மன்னிப்பைக் கோருவதாகவும், இவன் ஏழை என்றும், பிள்ளைகுட்டிக்காரன் என்றும், துரை பெரிய மனசு பண்ணி இந்த ஒரு தடவை பொறுத்தருள வேண்டும் என்றும் பேசினார். அடேயப்பா, என்ன இங்கிலீஷ்! வெளியே டைப்ரைட்டர்கள் நின்றுபோயின. பேசி முடித்தபோது அவர் கண்ணிலேயே தண்ணீர் நின்றது.

துரை நாற்காலியில் சாய்ந்தார். பாரம் இறங்கின முகம். "அப்படியானால் ஒப்புக்கொண்டுவிட்டான். நல்லது. மன்னிப்புக் கேட்டதனால் போலீஸுக்குப் போகவில்லை. இன்றோடு வேலையிலிருந்து நீக்கிவிடு" என்றார்.

மணவாளனுக்குத் திக்கென்றது. ஒப்புக்கொண்டானா? யார் ஒப்புக்கொண்டார்கள்? 'இல்லை சார், அது என் வார்த்தை, அவனுடையது இல்லை' என்று சொல்ல நாக்கு எழுந்தது. எழுந்த நாக்கு அப்படியே படுத்துக்கொண்டது. இப்போதுதானே அத்தனை அழகாகப் பேசி முடித்தார்? அதை எப்படித் திரும்ப விழுங்குவது?

"என்னாங்க சாமி சொல்றாரு துரை?" என்று மருதை மெதுவாகக் கேட்டான்.

"போலீஸ் வேண்டாம்னுட்டார், மருதை. ஆனா வேலை இல்லைன்னுட்டார்."

மருதை இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டான். பிறகு கைகூப்பினான். துரையைப் பார்த்து இல்லை, மணவாளனைப் பார்த்து. "எனக்காக இம்மாம் நேரம் மல்லுக்கட்டிப் பேசுனீங்களே சாமி. நீங்க இல்லாட்டி என்னை ஸ்டேஷனுக்குல்ல கொண்டு போயிருப்பாங்க. போயிட்டு வரேங்க."

போய்விட்டான். அன்று மாலை மணவாளன் அம்மா மண்டபத்துக்குப் போய்க் காவிரியில் கால் நனைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். நாம் சொன்னது மரியாதைக்கான மன்னிப்பு, சம்பிரதாயம், வெள்ளைக்காரனுக்கு அது புரியாமல் போனால் நாம் என்ன செய்ய என்று தமக்குத்தாமே வக்கீலாக நின்று வாதாடினார். தீர்ப்பும் தமக்கே சாதகமாகச் சொல்லிக்கொண்டு எழுந்து வந்தார்.

மறு வருஷம் பொங்கலுக்கு முன்னால் கோடவுனுக்கு வெள்ளையடித்தார்கள். மூலையில் விற்காமல் கிடந்த ஒரு பெரிய இன்ஜினின் பெட்டியை நகர்த்தப் போய், பலகை பெயர்ந்து வைக்கோல் சரிந்தது. வைக்கோலுக்குள் பெட்டியோடு வால்வுகள். கப்பலிலேயே இன்ஜினோடு சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். மருதை என்ன, ஒரு மனிதக் கையும் அதைத் தொட்டதில்லை. வீரமலை பார்த்தான், மணவாளன் பார்த்தார்.

"போச்சு போங்க" என்றான் வீரமலை. "அந்த ஆளு பாவத்தைக் கொட்டிக்கிட்டமே சார். ஆனா இப்ப கிளப்புனா எனக்கும் தலைவலி, உங்களுக்கும் தலைவலி. ஒப்புக்கிட்டவனாச்சேன்னு அல்லவா கேப்பாங்க? ஒப்புக்கிட்டது யாருன்னு அடுத்தாப்பல கேப்பாங்க. விட்டுருங்க சார்."

விட்டுவிட்டார். நினைத்தால் வயிறு எரிகிறது, விட்டுவிட்டார்! ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பழைய துரை சீமைக்குக் கப்பலேறி, புது மானேஜராக மெட்ராஸ்காரர் ஒருவர் வந்திருந்த சமயம். ஒரு நாள் அவர் அறைக்குள் மணவாளன் போய் நின்றார். "என்ன மணவாளன்?" என்று அவர் தலையை நிமிர்த்தினார். சூபரின்டெண்டெண்ட் வேலை மணவாளனுக்குத்தான் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. "மின்விசிறி சத்தம் போடறது சார். ஆளை வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார். தம் நாற்காலியில் உட்கார்ந்து, சீ, நீயும் ஒரு மனுஷனா என்று தம்மையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டதில் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அடுத்த மாதம் சூபரின்டெண்டெண்ட் ஆனார்.

இத்தோடு போயிருந்தால் காலப்போக்கில் மறந்திருப்பார். மருதை மறக்கவிடவில்லை. வருஷம் தவறாமல், அறுப்பு முடிந்ததும் கீழச்சித்திரை வீதிக்கு வந்து நிற்பான். ஐயங்கார் வீட்டில் வெளியே சமைத்த பண்டம் எடுக்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் பரங்கிக்காயோ, துவரையோ, மண் ஒட்டின நிலக்கடலையோ கொண்டுவருவான். வாசலிலேயே வைத்துவிட்டு, "சாமி நல்லா இருக்கணும்" என்பான். உள்ளே கூப்பிட்டால் வரமாட்டான்.

"எப்பேர்ப்பட்ட மனுஷன்!" என்று குமுதவல்லி மாய்ந்து போவாள். மணவாளனின் மனைவி. "நாலு வார்த்தை அவனுக்காகப் பேசினேள். அதுக்கு வருஷா வருஷம் இத்தனை விஸ்வாசமா! நம்மாத்துப் பிள்ளைகளுக்கு இதிலே காலே அரைக்கால் வருமோ? இன்னிக்குப் பரங்கிக்காய்க் கூட்டுதான்."

இலையில் அந்தக் கூட்டு விழுந்ததும் மணவாளன் கையை இழுத்துக்கொள்வார். வயிறு சரியில்லை என்பார். வருஷா வருஷம் அதே நாளில் இவருக்கு எப்படி வயிறு சரியில்லாமல் போகிறது என்று குமுதவல்லி அதிசயப்படுவாள். தீர்த்தம் சாப்பிட்டு ஓமம் மெல்லச் சொல்வாள். வயிற்றில் இருப்பது ஓமத்துக்குக் கரைகிற சமாசாரமா!

பேசப் பேசத் தித்தித்த அந்த வார்த்தை வேறு இப்போது தொண்டையில் முள்ளாக நின்றது. ஆபீஸில் அருள்நாதன் என்று புதிதாக ஒரு டைப்பிஸ்ட், பாலக்கரைக்காரன், விளையாட்டுப் பேர்வழி. ஒரு நாள் டீ வேளையில், "சார், இந்த ஆன் பிஹாஃப் ஆஃப் எப்ப எப்ப போடலாம்?" என்று கேட்டான்.

பழைய மணவாளனாக இருந்தால் டீ ஆறி, பால் ஆடை கட்டும் வரை பேசியிருப்பார். "ஆள் வரமுடியாதப்போ போடலாம். பல பேர் ஒரே குரலா சொல்லணும்னா போடலாம். நீ போட்டுட்டா அந்த ஆளே வாயால சொன்னதாத்தான் அர்த்தம்" என்று மட்டும் சொன்னார்.

"அந்த ஆளு பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தா?"

"என்னப்பா கேள்வி இது? பக்கத்தில இருந்தா அவனையே பேசச் சொல்லு!" என்று எரிந்து விழுந்தார். அருள்நாதன் பயந்துபோய் மிஷினுக்குத் திரும்பினான். அந்த வருஷத்திலிருந்து மாலை, கோப்பை, வரவேற்பு எதற்கும் மணவாளன் எழுந்திருப்பதில்லை. தொண்டைக்கட்டு என்று சொல்லிவிடுவார். பதவி வந்ததும் கர்வம் வந்துவிட்டது மனுஷருக்கு என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

அறுபத்தொன்றில், தை மாதம், மருதை வெறுங்கையோடு வந்தான். முகம் சுண்டியிருந்தது.

"எம்பொண்ணு பொன்னுத்தாய்க்கு மாப்பிள்ளை பாத்திருக்கு சாமி. பக்கத்து ஊரு பெரியண்ணன் மகன். எல்லாம் கூடி வந்துச்சு. இப்ப யாரோ போய், அவன் கம்பெனியில களவாண்டு வேலை போனவன்னு ஊதிட்டாங்க. பொண்ணுகிட்ட ஒண்ணும் குறையில்ல, களவாணி வீட்டுல சம்மந்தம் வேணாமுங்கறாரு பெரியண்ணன். புள்ள மூணு நாளா சோறு திங்கலை." மருதை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீங்க ஒரு தடவை வந்து, மருதை அப்படிப்பட்டவன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சாமி. அன்னைக்குத் துரைகிட்டயே எனக்காகப் பேசுனவரு நீங்க."

உள்ளேயிருந்து குமுதவல்லி, "அவசியம் போயிட்டு வாங்கோ. இதைவிடப் புண்ணியம் உண்டா?" என்றாள். மணவாளன் தலையாட்டினார். மணப்பாறை பஸ்ஸில் வழி நெடுக, வால்வு கிடைத்ததை மட்டும் சொன்னால் போதும், பெண் கல்யாணம் நடந்துவிடும், மற்றதைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்று மனசுக்குள் அளந்து அளந்து பார்த்துக்கொண்டே போனார். கணக்கு ஒவ்வொரு தடவையும் அவருக்கு வசதியாகவே வந்தது.

மருதையின் வீட்டு வாசலில் பந்தல் நிழலில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். மணவாளனுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். பெரியண்ணன் மீசையைத் தடவியபடி விறைப்பாக இருந்தார். மருதையின் மனைவி பவுனம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பாவாடை நுனி தெரிந்தது.

மணவாளன் சொன்னார். "மருதை எதையும் எடுக்கலைங்க. காணோம்னு சொன்ன சாமான் மறுவருஷம் கோடவுன்லயே கிடைச்சது. நானே கண்ணால பாத்தேன். பெருமாள் சாட்சியா சொல்றேன்."

பந்தலில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. பவுனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியண்ணன் மீசையிலிருந்து கையை எடுத்தார். "சாமியே சொல்லிட்டீங்க. அப்புறம் என்னா? எம்மேலதான் தப்பு. வெத்திலை பாக்கு மாத்திக்குவோம்" என்றார்.

அவ்வளவுதான். முடிந்தது. மணவாளன் எழுந்து வந்திருக்கலாம். ஒரு குஞ்சும் அவரை வேறு கேள்வி கேட்டிருக்காது.

மருதைக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்து வருஷமாக உள்ளே பூட்டி வைத்த பெருமை அவனுக்கு. "சாமி அன்னைக்கே சொன்னாருங்க மாமா! துரை உக்காந்திருக்காரு, நான் நிக்கிறேன், சாமி இங்கிலீசுல பொளந்து கட்டுறாரு. கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுப் பேசுனாரு எனக்காக. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கலை." அவன் மணவாளன் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. "அன்னைக்கு என்னா பேசுனீங்கன்னு இவங்களுக்கு நம்ம பாஷையில ஒரு தடவை சொல்லுங்க சாமி. எல்லாரும் கேக்கட்டும்."

மணவாளன் ஒரு பொய்யைச் சொல்ல வாயெடுத்தார். உத்தமன் என்று சொன்னேன், நிரபராதி என்று சொன்னேன், யாருக்குத் தெரியப்போகிறது? மருதை வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை.

"மன்னிச்சுடுங்கோன்னு சொன்னேன்" என்றார். "நீ மன்னிப்புக் கேக்கறதா உன் சார்பா நான் சொன்னேன். அதை வச்சுத்தான், நீ ஒத்துண்டதா வச்சு வேலையை விட்டு எடுத்தார் துரை. நான் வாயை மூடிண்டு இருந்திருந்தா எடுத்திருக்கமாட்டார். சாமான் கிடைச்சப்பவும் நான் யார்கிட்டயும் சொல்லலை, மருதை. நீ கொண்டுவந்து வச்சதையெல்லாம் வாங்கி உள்ளே வச்சுண்டேன்."

மருதையின் சிரிப்பு உடனே போகவில்லை. புரிகிறவரை முகத்தில் அப்படியே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவன் சத்தம் போடவில்லை.

"துரை என்னைக் கேக்கச் சொன்னாரா சாமி?"

"சொன்னார்."

"நீங்க எடுத்தியாடான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கலை."

"ஏன் கேக்கலை?"

சம்பிரதாயம், மரியாதை, அபசாரம், க்ஷமாபணம் எல்லாம் நாக்கு நுனியில் வந்து வரிசையாக நின்றன. ஐந்து வருஷமாகக் காவிரிக்கரையில் தமக்கே சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கி வைத்திருந்த பதில். அதை ஒரு தடவையாவது முழுசாக நம்பியிருந்தால் இங்கேயும் சொல்லியிருப்பார்.

"நீதான் எடுத்திருப்பேன்னு நினைச்சேன், மருதை" என்றார் மணவாளன்.

மருதை தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு பெரியண்ணன் பக்கம் திரும்பி, "வெத்திலையை எடுங்க மாமா, நல்ல நேரம் போயிரும்" என்றான். மனைவியைப் பார்த்து, "பவுனு, சாமிக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. வழி விடச் சொல்லு" என்றான்.

பஸ்ஸுக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. மணவாளன் எழுந்து செருப்பைத் தேடினார்.